ஹாங்காங்கில் மூன்று நாள்



ஊரை விட்டு வெளியூரில் குடியேறிய தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்துக்கொண்டால், சொந்த ஊர் எது, உத்தியோகம் எங்கே என்ற விசாரணை முடிந்ததும் பேச்சு வீட்டின் பக்கம் திரும்பிவிடும். "எத்தனை அறை? குடிக்கூலி என்ன? தண்ணீர் எப்படி வருகிறது?" தில்லியில் மொட்டைமாடிப் பர்சாத்தியில் இருப்பவரும், மும்பையில் சால் வீட்டின் ஒற்றை அறையில் இருப்பவரும், கொல்கத்தாவில் பழைய மாளிகையொன்றின் பின்கட்டில் இருப்பவரும் இக்கேள்விகளுக்கு ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்கள் ஹாங்காங் நகரில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூன்று நாளில் ஓர் ஊரை அறிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வது பேதைமை. ஆயினும் மேற்சொன்ன கேள்விகளைக் கையோடு எடுத்துச் சென்றேன். அவற்றுக்குக் கிடைத்த விடைகளையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஹாங்காங் ஒரே ஊரன்று. ஹாங்காங் தீவு, எதிர்க்கரையில் சீனப் பெருநிலத்தை ஒட்டிய கௌலூன், அதற்கு வடக்கே ‘புதிய நிலப்பகுதி’ என்று வழங்கும் நாட்டுப்புறம், இவற்றோடு இருநூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஹாங்காங். தீவு 1842-இலும் கௌலூன் 1860-இலும் பிரிட்டிஷார் கைக்குச் சென்றன. மற்ற நிலத்தை 1898-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கினார்கள். குத்தகை முடிந்ததும், 1997 ஜூலை 1 அன்று, எல்லாம் சீனாவிடம் திரும்பிச் சேர்ந்தன. மொத்தப் பரப்பு 1,100 சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி; மக்கள் ஏறக்குறைய 75 லட்சம். நம் தில்லிப் பிரதேசத்தின் பரப்பு 1,483 சதுரக் கிலோமீட்டர். அதில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே 1 கோடி 68 லட்சம் பேர் இருந்தார்கள். வகுத்துப் பார்த்தால், சராசரியில் தில்லிதான் ஹாங்காங்கைவிட நெருக்கமான ஊர் என்று தெரியவரும்!

அப்படியானால் உலகமே பேசும் அந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது? ஹாங்காங்கின் நிலத்தில் நான்கில் ஒரு பங்கில்தான் கட்டடங்களும் சாலைகளும் உள்ளன. மற்ற மூன்று பங்கும் மலை, காடு, புல்வெளி, நீர்த்தேக்கம். 75 லட்சம் பேரும் அந்தக் கால் பங்கில் அடைந்து வாழ்கிறார்கள். குவுன் டோங் என்னும் வட்டாரத்தில் சதுரக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 60,000 பேர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். நான் கண்ட பலவற்றுக்கு விளக்கம் அதில்தான் இருக்கிறது.

விமான நிலையம் இருப்பது செக் லாப் காக் என்னும் இடத்தில். ஒரு தீவைத் தகர்த்துச் சமன்செய்து, கடலையும் தூர்த்து அமைத்த நிலம் அது. 1998 வரை விமானங்கள் கௌலூனின் நடுவே காய் டாக் என்னும் இடத்தில் இறங்கின. மாடி வீடுகளுக்கு நேர் மேலே விமானம் வலப்புறம் சாய்ந்து திரும்பி இறங்குமாம். கொடியில் உலர்த்திய துணி விமானத்தில் சிக்கிக்கொள்ளும் என்று அக்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

என்னை அழைத்துப்போக வந்த நண்பர் தஞ்சை மாவட்டத்துக்காரர். இருபது ஆண்டுகளாக அங்கே பணியாற்றுபவர். கௌலூனில் ஓர் அடுக்கு மாளிகையின் 27-ஆம் மாடியில் அவர் வீடு. உண்மையில் அது 27-ஆம் மாடியன்று. நான்கு என்ற சொல் சீனமொழியில் சாவு என்ற சொல்லைப் போல ஒலிப்பதால், 4, 14, 24 ஆகிய மாடிகள் அக்கட்டடத்தில் இல்லை. மின்தூக்கியின் பொத்தான் வரிசையில் 3-க்கு அடுத்தது 5! நண்பரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வாழும் வீடு 420 சதுர அடி. அது நடுத்தர வகுப்பாருக்கு நல்ல வீடு என்றே கருதப்படுகிறது.

"வாங்க அண்ணா, செருப்பை இந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கீழே விட்டால் கதவு திறக்காது" என்று நண்பரின் மனைவி வரவேற்றார்.

அந்த வீட்டில் எந்தப் பொருளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சாப்பாட்டு மேசை சுவரோடு மடிந்துவிடுகிறது. கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டையும் குளிர்காலத் துணியும். துணி துவைக்கும் இயந்திரத்தின் தலைமீது காய்கறி நறுக்கும் பலகை. என் கவனத்தைக் கவர்ந்தது சன்னல்தான். அங்குள்ள பல வீடுகளில் சன்னல் சுவருக்கு வெளியே ஓரடி ஒன்றரையடி நீண்டு, அதன் அடியில் ஒரு மேடை அமைந்திருக்கும். நம் ஊரில் வீதியைப் பார்த்துத் திண்ணை இருப்பதுபோல, 27-ஆம் மாடியில் ஆகாயத்தைப் பார்த்து ஒரு திண்ணை! பகலில் மூத்த பையன் அதில் அமர்ந்து பாடம் படிக்கிறான். இரவில் அதன்மீது மெத்தை விரித்தால் விருந்தாளிக்குப் படுக்கை. நவராத்திரிக்கு மூன்று படிகள் வைத்துக் கொலு வைப்பதும் அதில்தான். "செட்டியார் பொம்மையைச் சன்னல் பக்கம் வைத்தால் கடலைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்வார்" என்றார் அந்த அம்மையார். மூன்று இரவும் அத்திண்ணையில்தான் படுத்தேன். தூக்கம் நன்றாக வந்தது. புரண்டு படுப்பதற்கு மட்டும் சற்றுத் துணிவு வேண்டியிருந்தது.

தண்ணீரைப் பற்றி விசாரித்தேன். அங்கே வீட்டுக்கு இரண்டு குழாய்த் தொகுதிகள். ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் கடல்நீர். கழிப்பறைகளில் ஊற்றுவது கடல்நீர். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நகரத்தாரில் ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோருக்குப் பயன்படுகிறது. கடற்கரையில் இருந்துகொண்டே தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்களை அறிந்த நமக்கு இது சிந்திக்கத்தக்கது. ஹாங்காங்குக்கும் தவிப்பு புதிதன்று. பெரிய ஆறு அங்கே கிடையாது. 1963-ஆம் ஆண்டு வறட்சியில் நான்கு நாட்களுக்கு ஒரு முறை, நான்கு மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் விட்டார்கள். குடங்களோடு மக்கள் தெருவில் வரிசையில் நிற்கும் படங்களைப் பார்த்தேன். ஆடையை மாற்றிவிட்டால் நம் ஊர்ப் படங்கள்தாம். பிறகு 1965 முதல் சீனப் பெருநிலத்து டோங்ஜியாங் ஆற்றிலிருந்து நீர் வாங்கத் தொடங்கினார்கள். அதோடு நில்லாமல், ஒரு விரிகுடாவின் வாயை அணையிட்டு அடைத்து, உள்ளிருந்த கடல்நீரை இறைத்து வெளியேற்றி, அதையே நன்னீர் ஏரியாக்கினார்கள். 1968-இல் முடிந்த வேலை அது. நிலம் இல்லாதவன் கடலிலே ஏரி வெட்டினான் என்று சொன்னால் நம் ஊரில் யார் நம்புவார்கள்?

முதல்நாள் பிற்பகல் கௌலூனிலிருந்து தீவுக்குப் படகில் சென்றேன். இரண்டு தட்டுக்களுள்ள பச்சை வெள்ளைப் படகு. கடப்பதற்குப் பத்து நிமிடத்துக்குள்தான் ஆகிறது. கடலுக்கு அடியில் ரயில் ஓடும் இக்காலத்திலும் படகில் கூட்டம் குறையவில்லை. இந்தப் படகுச் சேவைக்கு அடிகோலியவர் டோராப்ஜி நவ்ரோஜி மித்தாய்வாலா என்னும் பார்சி. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் முதற்கட்டடத்துக்குப் பெரும்பொருள் ஈந்தவர் ஹோர்மஸ்ஜி மோடி என்னும் மற்றொரு பார்சி. 1912-இல் அப்பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. கௌலூனில் அவர் பெயரால் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. பம்பாயிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அவ்வூரார் நித்தமும் பயன்படுத்தும் இரண்டு பொருள்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பது, பிழைக்கப் போன இடத்தில் இருக்கும் எவருக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி.

தீவுப்பக்கம் 1904 முதல் ஓடும் டிராம் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. மணியோசையைக் கொண்டு அவற்றை ‘டிங் டிங்’ என்றே மக்கள் அழைக்கிறார்கள். மலைச்சரிவில் வீடுகள் மேலேறிவிட்டதால் 1993-இல் தெருவோடு தெருவாக நகரும் படிக்கட்டுக்களை அமைத்திருக்கிறார்கள். 800 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. காலை பத்து மணிவரை அது கீழ்நோக்கி இறங்குகிறது. அலுவலகம் செல்வோர் அதில் இறங்கிவிடுகிறார்கள். பத்து மணிக்குப் பிறகு நள்ளிரவுவரை மேல்நோக்கி ஏறுகிறது. ஊர் மூச்சை வெளியே விட்டு, பிறகு உள்ளே இழுப்பதுபோல இருக்கிறது.

இதுவரை சொன்னவை வியப்புக்குரியவை. இனிச் சொல்லப்போவது வேறு வகை.

இரண்டாம் நாள் காலை மெய் ஹோ மாளிகை என்னும் பழைய கட்டடத்தைப் பார்க்கச் சென்றோம். இன்று அதில் இளைஞர் விடுதியும் ஒரு சிறு காட்சிசாலையும் உள்ளன. 1945-இல் ஜப்பானியர் ஆக்கிரமிப்பு முடிந்தபோது ஹாங்காங்கில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர். சீன உள்நாட்டுப் போரும் 1949-இன் ஆட்சி மாற்றமும் அகதிகளைக் கொண்டுவந்து குவித்ததால், சில ஆண்டுகளில் அத்தொகை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்கள் பலகையாலும் தகரத்தாலும் மலைச்சரிவுகளில் குடிசை போட்டுக்கொண்டார்கள். 1953 டிசம்பர் 25 இரவு ஷெக் கிப் மெய் என்னும் குடிசைப் பகுதியில் தீப்பற்றியது. ஒரே இரவில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள்.

அதற்குமுன் அகதிகள் வருவார்கள், போவார்கள் என்று எண்ணியிருந்த அரசு, அத்தீக்குப்பின் அதே இடத்தில் அவர்களுக்காக மாடிவீடு கட்டத் தொடங்கியது. 1954-இல் எழுந்த அக்கட்டடங்களுள் எஞ்சி நிற்பதே மெய் ஹோ மாளிகை. ஆங்கில எழுத்தாகிய ‘எச்’ வடிவில் இரண்டு நீண்ட சிறகுகள். நடுவே ஒரு குறுக்குக்கட்டு. ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு 120 சதுர அடி அறை ஒன்று. ஆளுக்கு 24 சதுர அடி. குழந்தைகளுக்கு அதில் பாதி. அறைக்குள் தண்ணீரும் இல்லை, சமையலறையும் இல்லை. சமையல் தாழ்வாரத்தில், குழாயும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மொட்டைமாடியில்! காட்சிசாலையில் அவ்வறைகளுள் ஒன்றை அன்று இருந்தபடியே அமைத்து வைத்திருக்கிறார்கள். இரட்டைத் தட்டுக் கட்டில், தையல் இயந்திரம், சுவரில் ஒரு நாட்காட்டி. மும்பைச் சால் வீடுகளில் வளர்ந்தவர்கள் யாரேனும் அங்கே நின்றால், சீன எழுத்துக்கள் கண்ணில் படும்வரை அது அயலூர் என்றே தோன்றாது.

இன்றைய கண்ணுக்கு அந்த அறை கொடுமையாகத் தெரியலாம். ஆனால் தீயில் எரியாத சுவரும், விரட்டப்படாமல் இருக்கும் உறுதியும் அவர்களுக்கு அங்கேதான் முதன்முதலில் கிடைத்தன. 1971-இல் ஆளுநராக வந்த மெக்லஹோஸ், அடுத்த ஆண்டே பத்தாண்டு வீட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். 18 லட்சம் பேருக்கு வீடு என்பது அதன் குறிக்கோள். இன்று ஹாங்காங் மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அரசு கட்டிய அல்லது அரசின் உதவியோடு வாங்கிய வீடுகளில் வாழ்கிறார்கள். தடையற்ற வாணிகத்துக்குப் பெயர்போன நகரம் அது. அங்கே இத்தனை பேருக்கு வீட்டுக்காரர் அரசாங்கமே என்பது பலருக்குத் தெரியாது.

அந்த மாளிகையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஷாம் ஷூய் போ என்னும் பழைய பகுதி. ஏழைகளுக்கு உதவும் தொண்டர் ஒருவர் நண்பருக்குப் பழக்கமானவர். வீட்டுக்காரியின் இசைவு பெற்று எங்களை ஓர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். மின்தூக்கி இல்லாத கட்டடம், ஐந்தாம் மாடி. ஒரு குடும்பம் வாழக் கட்டிய வீட்டைப் பலகைச் சுவர்களால் ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னையில் ஒண்டுக் குடித்தனம் என்று சொல்வோமே, அதையும் ஐந்தாக மடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் படிக்கட்டில் நிற்கவேண்டும். ஆகவே ஒருவர்பின் ஒருவராகச் சென்றோம். உள்ளே ஒரு கட்டில். கட்டிலின் காலடியில் கழிப்பறை. கழிப்பறையின் கதவை ஒட்டிச் சோறு பொங்கும் மின்சாரப் பாத்திரம். சன்னல் இல்லை. கட்டில்மீது அமர்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பையன் எழுதிக்கொண்டிருந்தான். அவன் தாய் குவாங்டோங் மாநிலத்திலிருந்து வந்தவள். அரசு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்றாள். நாங்கள் விடைபெறும்போது ஆளுக்கொரு கமலாப்பழம் கொடுத்தாள். விருந்தினரை உட்காரச் சொல்ல இடமில்லாத வீட்டிலும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

இவ்வாறு பிரிக்கப்பட்ட அறைகளில் வாழ்பவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் என்று 2021-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. அவர்களுக்கு ஆளுக்குக் கிடைக்கும் இடம், இடைநிலைக் கணக்கில், ஏறக்குறைய 65 சதுர அடி. நகரத்தின் பொது அளவு 172 சதுர அடி. சதுர அடிக்கு என்று பார்த்தால் இந்தப் பொந்துகளுக்கே வாடகை அதிகம். அரசு 2025-இல் ஒரு சட்டம் இயற்றியது: இத்தகைய அறை எட்டுச் சதுர மீட்டருக்குக் குறையலாகாது, சன்னலும் தனிக் கழிப்பறையும் வேண்டும். எட்டுச் சதுர மீட்டர் என்பது 86 சதுர அடி. 1954-இல் அகதிக் குடும்பத்துக்குக் கொடுத்த அறை 120 சதுர அடி என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அன்று மாலை கௌலூன் மதிற்பட்டினம் இருந்த இடத்தையும் பார்த்தேன். 1898 உடன்படிக்கையில் பழைய சீனக் கோட்டை ஒன்று மட்டும் குத்தகைக்கு வெளியே விடப்பட்டது. பிறகு அது யாருடையது என்ற வழக்கு தீராமல், இரண்டு அரசாங்கமும் கைவிட்ட நிலமாயிற்று. ஆறரை ஏக்கரில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல எழுந்தன. 1987-இல் அங்கே இருந்தவர்கள் 33,000 பேர்! வெயில் படாத சந்துகள். தலைக்குமேல் சொட்டும் குழாய்கள். உரிமம் இல்லாத பல்வைத்தியர்கள். மீன் உருண்டை செய்யும் பட்டறைகள். காய் டாக் விமானங்கள் தாழப் பறந்ததால்தான் பதினான்கு மாடிக்குமேல் கட்டவில்லையாம். 1993-94-இல் அதை இடித்துவிட்டு, 1995-இல் பூங்காவாக்கினார்கள். பழைய தெற்கு வாயிலின் அடிக்கற்கள் மட்டும் அங்கே கிடக்கின்றன. கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இரவு உணவுக்கு நேதன் சாலையில் உள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் என்னும் கட்டடத்துக்குப் போனோம். 1961-இல் கட்டிய பதினேழு மாடிக் கட்டடம். கீழே செல்பேசிக் கடைகளும் நாணயம் மாற்றுவோரும்; மேலே பல சிறு விடுதிகள். ஆப்பிரிக்க வணிகரும் பாகிஸ்தானியரும் வங்காளியரும் நம்மவரும் அங்கே தோளோடு தோள் உரசுகிறார்கள். மின்தூக்கிக்கு நின்ற வரிசையில் எனக்குப் பின்னால் இருவர் தமிழில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தோசை நன்றாகவே இருந்தது. சட்னியைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

மூன்றாம் நாள் காலையில் சிங்கப்பாறை என்னும் மலைமீது ஏறினோம். நகரத் தெருவிலிருந்து சிறிது நேரத்தில் காட்டுப்பாதைக்கு வந்துவிடலாம். 495 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தெற்கே கௌலூன் முழுவதும் நெருக்கி நட்ட கம்பங்களாய்த் தெரிகிறது. மறுபுறம் திரும்பினால் பச்சை மலைகள் அடுக்கடுக்காய்ச் செல்கின்றன. 1976-இல் இயற்றிய சட்டத்தால் ஹாங்காங் நிலத்தில் பத்தில் நான்கு பங்கு நாட்டுப்புறப் பூங்காக்களாகக் காக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆதலால், குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். 65 சதுர அடியில் வாழ்பவனுக்கும் பேருந்துக் கட்டணத்தில் ஒரு மலை கிடைக்கிறது. இம்மலைகளை வெட்டி வீடு கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சியன்று.

நிலத்தில் குறை என்பதைவிடப் பங்கீட்டில் குறை என்றே எனக்குத் தோன்றியது. தேவாலயம் ஒன்று நிற்கும் இடத்தைத் தவிர, ஹாங்காங்கில் எந்த மண்ணும் தனியாருக்கு முற்றுரிமையில்லை. எல்லாம் அரசின் நிலம், குத்தகைக்கே கிடைக்கும். அந்தக் குத்தகையைச் சிறிது சிறிதாக ஏலம் விட்டு வந்த தொகை, பல ஆண்டுகள் அரசின் வருவாயில் கணிசமான பங்காக இருந்துவந்தது. வரி குறைவு என்று வணிகர் அவ்வூரைப் புகழ்வதன் மறுபக்கம் இது: மனை விலை இறங்கினால் கருவூலம் மெலியும். இன்னொன்றும் உண்டு. புதிய நிலப்பகுதியின் பழங்குடிக் கிராமத்தாரின் ஆண் வாரிசு ஒவ்வொருவருக்கும், மாடிக்கு 700 சதுர அடியாக மூன்று மாடி வீடு ஒன்று வாழ்நாளில் ஒருமுறை கட்டிக்கொள்ள 1972 முதல் உரிமை இருக்கிறது. பெண்ணுக்கு இல்லை. கட்டில்மீது எழுதிக்கொண்டிருந்த பையனுக்கும் இல்லை.

மலையிலிருந்து இறங்கும் வழியில் கல்லறைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அரண்மனை கட்டி வாழ்ந்தவனுக்கும் கடைசியில் ஆறடி நிலந்தான் சொந்தம் என்று நம் பெரியோர் சொல்வார்கள். ஹாங்காங்கில் அந்த ஆறடியும் சொந்தமில்லை. பொது இடுகாட்டில் புதைத்தால் ஆறு ஆண்டுகள்தாம் தவணை. பிறகு எலும்பைத் தோண்டியெடுத்து, எரிக்கவோ வேறிடத்தில் வைக்கவோ வேண்டும். ஆகவே இறந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எரியூட்டப்படுகிறார்கள். சாம்பற் கலசம் வைக்கும் சுவர்மாடத்துக்கும் நகரத்தில் கிராக்கி மிகுதி.

நான் திரும்பிவந்து ஓராண்டு நிறைவதற்குள், 2025 நவம்பர் 26 அன்று, டாய் போ என்னும் இடத்தில் வாங் ஃபுக் கோர்ட் என்ற குடியிருப்பில் பெருந்தீ ஏற்பட்டது. எட்டு உயர்ந்த கட்டடங்கள். பழுதுபார்ப்பதற்காக அவற்றைச் சுற்றி மூங்கில் சாரமும் வலையும் கட்டியிருந்தார்கள். ஏழு கட்டடங்களில் தீ பரவியது. இறந்தவர்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர், பலர் முதியவர்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து வீட்டுப் பணிக்கு வந்த பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். செய்தியைக் கேட்டவுடன் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

மலையிலிருந்து இறங்கியதும் தீவின் செண்ட்ரல் பகுதிக்குச் சென்றோம். வங்கிகளும் வழக்கறிஞர் அலுவலகங்களும் நிறைந்த இடம். ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் தலைமைக் கட்டடத்துக்குக் கீழே, தூண்களுக்கிடையில், திறந்த வெளி ஒன்று இருக்கிறது. ஞாயிறன்று அங்கே வைக்கோற்போர்போல அட்டைப் பெட்டிகள். அவற்றைப் பிரித்துத் தரையில் விரித்து, சிலர் நான்கு புறமும் முழங்கால் உயரத்துக்கு அட்டையாலேயே சுவரும் எழுப்பி, ஆயிரக்கணக்கான பெண்கள் அமர்ந்திருந்தார்கள். வெளியே செருப்புக்களை ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு அட்டை வீட்டில் சீட்டாட்டம்; இன்னொன்றில் ஒருத்திக்கு நகம் வெட்டிச் சாயம் பூசினாள் மற்றொருத்தி; ஒன்றில் செல்பேசியில் ஊரிலுள்ள குழந்தையோடு பேச்சு; ஒன்றில் நடுப்பகலில் ஆழ்ந்த உறக்கம். அருகிலுள்ள சேட்டர் சாலையில் அன்று வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அங்கும் இதே காட்சி.

இவர்கள் வீட்டுப் பணிப்பெண்கள். நகரம் முழுவதும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர். வேலை பார்க்கும் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது சட்டம். 420 சதுர அடி வீட்டில் அவர்களுக்குத் தனி அறை எங்கே? பிள்ளைகளின் அறையில் மேல்தட்டுக் கட்டில் கிடைத்தால் நல்லூழ். சிலருக்கு அடுக்களைத் தரை. சிலருக்கு நான் படுத்த சன்னல் திண்ணை. வாரத்தில் ஆறு நாள் பிறர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏழாம் நாள் கிடைக்கும் சொந்த வீடு அந்த அட்டைதான்.

நண்பர் தம் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தங்கியதால் அவருக்கு நிரந்தரக் குடியுரிமை கிடைத்திருக்கிறது. "இதோ அமர்ந்திருக்கிறார்களே, இவர்களில் இருபத்தைந்து ஆண்டு இருந்தவர்கள் உண்டு. இவர்களுக்கு இது கிடையாது" என்றார். அது உண்மை. பணிப்பெண்கள் தங்கும் காலம் அந்த ஏழு ஆண்டுக் கணக்கில் சேராது என்று அவ்வூர் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. வேலை முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் புறப்படவேண்டும். நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. தில்லியிலோ மும்பையிலோ வாடகை வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டும்போது நாம் அதை நினைப்பதில்லை. அங்கே நின்றபோது நான் நினைத்தேன்.

"நீங்கள் வீட்டில் யாரையும் வைத்துக்கொள்ளவில்லையா?" என்று நண்பரைக் கேட்டேன். "சின்னவன் பிறந்தபோது இரண்டு ஆண்டு ஒரு இந்தோனேசியப் பெண் இருந்தாள். நீங்கள் படுத்த இடத்தில்தான் படுத்தாள்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மாலை ஆறு மணிக்கு மேல் அவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பவேண்டும் என்று கட்டளையிடும் எசமானர்களும் உண்டாம். சாப்பிட்ட இடத்தைத் துடைத்தார்கள். குப்பையைப் பையில் கட்டினார்கள். அட்டைகளை மடித்துத் தூண் ஓரம் அடுக்கினார்கள். முதுகு வளைந்த சீனக் கிழவி ஒருத்தி தள்ளுவண்டியோடு அங்கே காத்துக்கொண்டிருந்தாள். பழைய அட்டையைப் பொறுக்கி எடைக்குப் போட்டுப் பிழைக்கும் முதியவர்கள் அவ்வூரில் பலர். பணிப்பெண்கள் இருவர் தங்கள் அட்டைகளைக் கொண்டுபோய் அவள் வண்டியிலேயே அடுக்கிக் கொடுத்தார்கள். ஈரம் பட்ட அட்டையை அவள் தனியே எடுத்து வைத்தாள்; அதற்கு எடையில் தள்ளுபடியாம். வண்டி நிறைந்ததும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, சேட்டர் சாலையைக் கடந்து தள்ளிக்கொண்டு போனாள்.